தனுஷ்கோடிச் சாலையில் சைக்கிளுக்கு ஒரு நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக, ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவின் கோடியான அரிச்சல்முனை வரை போகும் 9.5 கிலோமீட்டர் சாலையில், வாரத்துக்கு ஒரு நாளாவது சுற்றுலா கார்களையும் வேன்களையும் சத்திரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அன்றைக்கு சைக்கிளில் வருகிறவர்கள், நடந்து வருகிறவர்கள், அரசுப் பேருந்து, அங்கே தொழில் செய்யும் மீனவர்களின் வண்டி இவற்றுக்கு மட்டும் வழிவிட வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் இதைக் கேட்கத்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். கேட்பது இவ்வளவுதான் என்றாலும், ஏன் கேட்கிறேன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் தேவைப்படுகிறது. கடிதம் நீண்டுவிட்டது. முழுசாக வெளியிட்டால் நன்றியோடு இருப்பேன்.

நான் மண்டபத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதாளை, மரைக்காயர்பட்டினம், சீனியப்பா தர்கா பக்கமெல்லாம் சைக்கிளிலேயே தபால் கொடுத்தவர். பாம்பன் தீவு எங்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர், அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, அமாவாசை தர்ப்பணம் என்று எத்தனையோ தடவை போயிருக்கிறோம். எப்போதும் பஸ்ஸில் போவோம், காரியத்தை முடிப்போம், பஸ் பிடித்துத் திரும்புவோம். தீவைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கியதில்லை. இந்தத் தை மாதக் கடைசியில் அவர்தான் சொன்னார்: "இந்தா, சைக்கிளை எடுத்துக்கிட்டு அரிச்சல்முனை வரைக்கும் போயிட்டு வருவோமா? உன்னால முடியும்."

தங்கச்சிமடத்தில் என் நாத்தனார் வீடு இருக்கிறது. மீன் ஐஸ் பெட்டி ஏற்றப் போன குட்டியானை வண்டியில் முந்தின நாளே இரண்டு சைக்கிள்களையும் அங்கே அனுப்பிவிட்டோம். அவருடையது தபால் கொடுத்த காலத்துப் பழைய வண்டி. என்னுடையது மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். முன்னால் கூடை வைத்த அந்தச் சைக்கிளை நான்தான் கடைக்குப் போக வர ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விடியும் முன்னே முதல் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி, நாத்தனார் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைக் கூடையில் வைத்துக் கிளம்பினோம்.

பஸ்ஸில் போகும்போது தங்கச்சிமடம் ஒரு நிறுத்தம். சைக்கிளில் போனால் அது ஒரு தோட்டம். சாலைக்குப் பக்கத்திலேயே மணல் பூமியில் பாத்தி பாத்தியாக மல்லிகைப் பதியன் போட்டு வைத்திருக்கிறார்கள். குடம் குடமாகத் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறார்கள். இந்த நாற்றுதான் வெளி மாநிலங்களுக்கெல்லாம் போய் அங்கே பூக்கிறது. கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் மண்ணில் நல்ல தண்ணீர் ஊறுவதும், அதில் இப்படி ஒரு செடி பிழைப்பதும் எனக்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மண்டபத்தில் நான் தலையில் வைக்கும் பூ எங்கிருந்து வருகிறது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்துக்கு முன்னால் இறங்கி நின்றோம். காலை நேரம், உள்ளே இன்னும் விடவில்லை. வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தோம். சிறுவயதில் கலாம் செய்த வேலையை உங்கள் வாசகர்கள் அறிவார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, தனுஷ்கோடி வரை போகும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுக்க அவர் தன் உறவுக்காரருக்குத் துணையாக இருந்திருக்கிறார். அந்த ரயில் போன வழிக்குப் பக்கத்தில்தான் நாங்கள் போகப்போகிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வாழ்நாளெல்லாம் கடிதம் சுமந்தவருக்கு, பத்திரிகை சுமந்த பையனிடம் தனியாக ஒரு பிரியம் உண்டு.

ராமேஸ்வரம் ஊருக்குள் நிற்கவில்லை. கோயிலுக்கு இன்னொரு நாள் வரலாம், வெயில் ஏறிவிடும். ஊரைத் தாண்டி, நம்புநாயகி அம்மன் கோயிலுக்குத் திரும்பும் வழியையும் தாண்டி, ஜடாயு தீர்த்தத்தை நெருங்கும்போது அவர் சைக்கிளின் பின்சக்கரம் பஞ்சர். சீமைக் கருவேல முள். இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டும் யாருக்கும் இது புதிதில்லை. அவர் பையில் சொல்யூஷன், ரப்பர் துண்டு, உப்புத்தாள், கைப்பம்பு எல்லாம் எப்போதும் இருக்கும். டயரைக் கழற்றி, ட்யூபுக்குக் காற்றடித்து, பக்கத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தார். உப்புத் தண்ணீர் என்பதால் என் முந்தானையில் நல்ல தண்ணீர் நனைத்துத் துடைத்து, காயவைத்து, பிறகுதான் ஒட்டினார். உப்போடு ஒட்டினால் பிடிக்காதாம். கருவேல நிழலில் நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் எங்களைத் தாண்டிப் போன வண்டிகளில் ஒன்றுகூட மெதுவாகப் போகவில்லை. வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் எதற்கு இந்த அவசரம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் கிளைச்சாலையில் இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். அங்கேதான் பூநாரைகளைப் பார்த்தோம். பஸ்ஸில் போனபோது யாரோ கையை நீட்டிக் காட்ட, தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்திருக்கிறது. இந்தத் தடவை சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தோம். நீளமான கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நடக்கின்றன. சேற்றில் இருக்கும் சின்னச் சின்ன உயிர்களை அலகிலேயே சல்லடை மாதிரி வடிகட்டித் தின்னுமாம். உடம்பில் ஏறும் அந்த இளஞ்சிவப்புகூட அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். சைக்கிளில் வந்த எங்களை அவை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு கார் வந்து நின்றது. கதவைச் சாத்திய சத்தத்துக்கு எல்லாத் தலையும் நிமிர்ந்தது. அடுத்து வந்த வேனின் ஹாரனுக்குக் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்து, ரொம்ப தூரத்தில் போய் இறங்கியது. பறக்கும்போது இறக்கைக்குக் கீழே தெரிந்த சிவப்பைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாதித் தீனியில் கிளப்பிவிட்டார்களே என்று எனக்குத் தாங்கவில்லை. எவ்வளவோ தூரம் பறந்து வந்து, கிடைக்கிற சில மாதத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு போகும் பறவை அது. 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் 524 ஹெக்டேருக்கு மேல் நிலத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. நல்ல காரியம். அந்தச் சரணாலயத்துப் பக்கமாகத்தான் இவ்வளவு ஹாரனும் போகிறது.

கோயில் வாசலில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, சைக்கிள் எங்க வாடகைக்குக் கிடைக்கும்? எங்களுக்கும் வேணும்" என்றார்கள். இது சொந்த சைக்கிள், சத்திரத்துப் பக்கம் வாடகைக் கடை எதையும் நான் பார்க்கவில்லை என்றேன். ஒரு பெண் என் சைக்கிளை வாங்கி அந்தக் கிளைச்சாலையிலேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் முடித்த பிறகு இப்போதுதான் ஓட்டுகிறாளாம். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு என் கன்னிப் பருவம் ஞாபகம் வந்தது.

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம். 1991, 92-ல் அறிவொளி இயக்கம் வந்து எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் வங்கிகளிடம் பேசி, பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கச் செய்தார். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பாவாடையையும் சேலையையும் தூக்கிச் செருகிக்கொண்டு நடுக்கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினோம். பிள்ளைக்காரிகள் அதைத்தான் விரும்பினார்கள், கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! கல் உடைக்கப் போகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், வாத்திச்சிகள் எல்லாரும் ஓட்டினார்கள். அதுவரை தண்ணீருக்கும் கடைக்கும் அண்ணன் தம்பியின் தயவில் காத்திருந்தவள் நான். சைக்கிள் வந்த பிறகு யாரிடமும் கேட்கவில்லை. மண்டபத்துக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் நான் சைக்கிளில் போவதை நின்று பார்த்தார்கள். என் மாமியார் மட்டும் "அவ போறா, அவளுக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் சொல்கிறேன், அந்த விருதுநகர்ப் பெண் கேட்டதைச் சும்மா ஒரு பொழுதுபோக்கு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

சரி, சத்திரத்துக்கு வருகிறேன். 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணலில் ஓட்டத் தெரிந்த வேன்காரர்கள்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் ஜூலை 27-ல் கலாம் நினைவிடம் திறந்த அன்றே இந்தப் புதுச் சாலையையும் திறந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரோடு போன வழி, அரை நூற்றாண்டுக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். தனுஷ்கோடியில் குடிசை போட்டு இருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு ஒரு பிரசவம், ஒரு காய்ச்சல் என்றால் அந்தச் சாலைதான் உயிர்.

அந்தச் சாலையில் சைக்கிள் மிதிப்பது தனிச் சுகம். மேடு பள்ளமே கிடையாது. இடது பக்கம் பாக் நீரிணை, அதைப் பெண் கடல் என்பார்கள். வலது பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல். நாங்கள் போன அன்று பெண் கடல்தான் நுரை தள்ளிக்கொண்டிருந்தது, ஆண் கடல் தகடாகக் கிடந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். வாடை அடிக்கிற மாசங்களில் அப்படித்தான் இருக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பினால் இது அடங்கி அது எழும்பும், நாங்களும் படகை இங்கிருந்து அங்கே மாற்றிக்கொள்வோம் என்றார். என் வீட்டுக்காரர் சும்மா நிற்காமல் கயிற்றில் போய்க் கைகொடுத்தார். கரைவலையில் இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று, பின்னால் நகர்ந்துகொண்டே இழுத்து, மெதுவாக ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். வலையின் மடி கரைக்கு வர ரொம்ப நேரமாகும். வந்தபோது சாளையும் காரலும் கொஞ்சம் இருந்தன. அவருக்கு ஒரு கை மீன் கொடுத்தார்கள்.

அந்த மீனை அடுத்த கொட்டகையில் கொடுத்துப் பொரித்து வாங்கினோம். புளிச்சோற்றுக்கு அதுதான் தொட்டுக்கை. கொட்டகை நடத்தும் பெண்ணிடம் தண்ணீர் கேட்டேன். பின்னால் மணலில் இடுப்பளவு தோண்டி வைத்திருந்த ஊற்றிலிருந்து அகப்பையால் மொண்டு கொடுத்தார். ரெண்டு பக்கமும் கடல், கல் எறிகிற தூரம்தான். அந்தத் தண்ணீர் எங்கள் மண்டபத்துக் குழாய்த் தண்ணீரைவிட இனித்தது. மழை மணலில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறதாம். அளவாக மொண்டால் ஊறும், ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மதினி, கார்ல வர்றவுக நேரா முனைக்குப் போயி படம் புடிச்சிட்டுத் திரும்பிருவாக. நீங்கதேன் இப்படி உக்காந்து சாப்பிடுறீக." நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுக்க வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்த வரிசைக் கொட்டகைகளில் இறங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். வண்டியில் போகிறவருக்கு 9.5 கிலோமீட்டர் கால் மணி நேரம். அதற்குள் பசியும் வராது, தாகமும் வராது. மிதித்து வருகிறவர் நாலு இடத்தில் நிற்பார், நின்ற இடத்தில் ஏதாவது வாங்குவார்.

இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் மிச்சச் சுவரையும் பார்த்தோம். இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது, பாம்பனிலிருந்து வந்த ரயில் புயல் அலையில் ஆட்களோடு போனது எல்லாம் பலரும் எழுதியதுதான். அரிச்சல்முனையைப் பற்றியும் அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அங்கே நிற்கும் அசோகத் தூணைச் சுற்றி வண்டிகள் நெருக்கியடித்து நின்றன, ஒன்று வெளியே வர இன்னொன்று பின்னால் போக வேண்டியிருந்தது. கடற்கரையில் இறங்கி, காலை நனைத்துக்கொண்டு, இரண்டு கடலும் சேரும் இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். பெண்களுக்குக் கழிப்பறை என்று திறந்திருந்த ஒன்றும் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. கொட்டகைக்காரப் பெண்தான் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

திரும்பும்போது நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்தச் சாலை தென்கிழக்கே போகிறது. வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. போகும்போது அது இடது தோளில் அடிக்கும், வரும்போது வலது தோளில் அடிக்கும். பக்கக்காற்றில் சைக்கிள் ஓட்டுகிறவர் தன்னை அறியாமலே உடம்பைக் காற்றுப் பக்கம் சாய்த்துத்தான் ஓட்டுவார். நானும் வலது பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சுற்றுலா வேன் வந்து வலப்புறமாக முந்தியது. வேன் என் பக்கத்தில் வந்ததும் காற்று சட்டென்று நின்றுவிட்டது. சாய்ந்திருந்த உடம்பு அப்படியே வேன் பக்கம் போனது. அதன் கண்ணாடி என் தோளை உரசியது. வேன் தாண்டியதும் மொத்தக் காற்றும் ஒரே அடியாக அடிக்க, இடது பக்கம் கம்பிவலைக்குள் கல் அடுக்கிக் கட்டியிருக்கும் கரையில் போய் மோதி விழுந்தேன். முழங்கை தோலுரிந்தது, கூடை நசுங்கியது. வேறொன்றும் இல்லை. பின்னால் வந்த என் வீட்டுக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் கை நடுங்கியதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அந்த ஓட்டுநரை நான் திட்டவில்லை. அவர் பார்வையில் போதுமான இடம் விட்டுத்தான் முந்தினார். வெறும் காற்று ஒரு சைக்கிளை என்ன செய்யும் என்று வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியாது. கச்சான் காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வரும்போது, இதே ஆபத்து போகிற வழிக்கு மாறும். ஆக வருஷம் முழுக்க, போக வர இரண்டில் ஒரு வழி சைக்கிளுக்கு ஆபத்துதான். போதாக்குறைக்குக் காற்று மணலை அள்ளிச் சாலை ஓரத்தில் பரப்பிவிடுகிறது. சைக்கிள் அதில் சறுக்கும் என்பதால் ஓரத்தை விட்டு நடுவுக்கு வரத்தான் வேண்டும். ஒதுங்க மண் ஓரமும் கிடையாது, கல் கரைதான். இந்தச் சாலையை அகலப்படுத்தித் தனியாகச் சைக்கிள் பாதை போடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் சம்மதமில்லை. ரெண்டு கடலுக்கு நடுவே கிடக்கிற கொஞ்ச மணலில் இன்னும் எவ்வளவு கல்லைக் கொட்டுவது? அந்த மணலில்தான் பங்குனி ஆமை ஏறி முட்டையிடுகிறது. வனத்துறைக்காரர்கள் அந்த முட்டைகளை எடுத்து, வேலிக்குள் புதைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இருக்கிற சாலையே போதும். அதை எந்த நாளில் யாருக்கு விடுவது என்பதைத்தான் முறைப்படுத்த வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. மகாராஷ்டிரத்தில் மாதேரான் மலையில் சுற்றுலா வருகிறவர்கள் காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். நம் மாநிலத்திலேயே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. மலைக்கு ஒரு தாங்கும் அளவு உண்டு என்றால் இந்த மணல் திட்டுக்கு இருக்காதா?

வேன், ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. அவர்களை விட்டுவிட்டு நான் எதையும் கேட்கவில்லை. சாலை வருவதற்கு முன்பு ஆட்களைச் சத்திரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போனதே உள்ளூர் வேன்காரர்கள்தான். சாலை வந்ததும் அந்தத் தொழில் வெளியூர்க் கார்களிடம் போய்விட்டது. வாரத்தில் அந்த ஒரு நாள், ராமேஸ்வரத்திலிருந்து சத்திரம் வரை வண்டி ஓட்டும் வேலை அவர்களுக்கு எப்போதும்போல இருக்கும். சத்திரத்தில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவர்கள் சங்கத்துக்கே கொடுக்கலாம். வயதானவர்களுக்கும், பித்ரு காரியத்துக்கு வருகிறவர்களுக்கும், நடக்க முடியாதவர்களுக்கும் அரசுப் பேருந்து இருக்கிறது. அன்றைக்கு மட்டும் பேருந்து நடையைக் கூட்டினால் போதும். பேருந்து ஓட்டுநர்கள் சைக்கிளைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, நல்ல இடைவெளி விட வேண்டும் என்று சொல்லி வைத்தால், அவர்கள் சாலை தெரிந்தவர்கள், கேட்பார்கள்.

வாடகைச் சைக்கிளுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் எத்தனை வீட்டுத் திண்ணையில் விலையில்லா சைக்கிள் துருப்பிடித்து நிற்கிறது! பிள்ளைகள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், சைக்கிள் நிற்கிறது. தனுஷ்கோடி, தங்கச்சிமடத்து மகளிர் குழுக்கள் அவற்றை வாங்கிப் பழுது பார்த்துச் சத்திரத்தில் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். உப்புக்காற்றில் செயினும் ஃப்ரீவீலும் சீக்கிரம் போய்விடும். தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டே ஆக வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க என் வீட்டுக்காரர் தயார். ஓட்டத் தெரியாத பெண்கள் யாராவது இருந்தால் நான் கற்றுக்கொடுக்கிறேன். காசு எதுவும் வேண்டாம். வெயிலுக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்குத் திறந்தால் பத்து மணிக்குள் போய்த் திரும்பிவிடலாம். நடுவில் தென்னங்கீற்றுப் பந்தல் இரண்டு, குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை இருந்தால் போதும்.

எந்த நாள் என்பதையும் யோசித்திருக்கிறேன். சனி, ஞாயிறு கூட்டத்தில் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும், முதல் மாதத்திலேயே கைவிட்டுவிடுவார்கள். அமாவாசை அன்று தர்ப்பணத்துக்கு வருகிறவர்கள் கூட்டம், அன்றைக்கும் கூடாது. அமாவாசை விழாத புதன்கிழமைகளில் தொடங்கலாம். கோடை விடுமுறைக் கூட்டம் வரும் முன்னால், பங்குனியிலேயே சில புதன்கிழமைகளுக்குச் சோதனையாக அறிவித்து, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபத்திலேயே பெரிய எழுத்தில் பலகை வைத்துவிட வேண்டும். தெரியாமல் வருகிறவர்கள் சத்திரம் வரை போய் ஏமாந்து திரும்பக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.